தக்காளி சூப்புக்கு நிறம் பார்த்தவர்

“அந்த சூப் என்ன நிறத்துல இருந்துச்சு?”

மாமா இப்படிக் கேட்டார். தக்காளி சூப் சிவப்பாகத்தானே இருக்கும் என்று வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். மாமாவிடம் “சிவப்பு” என்று சொல்வது, முகவரி கேட்டவரிடம் “இந்த உலகத்துலதான் எங்கயோ இருக்கு” என்று சொல்வது போல. அவர் பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிறவர். சிவப்பு என்று தனியாக ஒன்று அவருக்குக் கிடையாது. மஞ்சள் பக்கம் சாய்ந்த சிவப்பு, நீலத்தின் பக்கம் சாய்ந்த சிவப்பு, அழுக்குச் சிவப்பு, இப்போதுதான் தூங்கி எழுந்த சிவப்பு என்று அது ஒரு பெரிய கூட்டுக் குடும்பம்.

“நீதானே பக்கத்துல இருந்த?” என்றார்.

“இருந்தேன் மாமா. ஆனா பாக்கல.”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த நிறம் தானாக வந்து நிற்கும் என்பதுபோல வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நடந்தது இதுதான். மாமாவின் மனைவி, என் அத்தை, ரயில் நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்காருகிறவள். எந்த வண்டி எந்த நடைமேடை, எது தாமதம், கழிப்பறை எந்தப் பக்கம் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒரு மழைநாளில் நிலையத்துப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து தாடை உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டிவிட்டார்கள். எலும்பு கூடும்வரை வாயைத் திறக்கக்கூடாது.

“வாயால பிழைக்கிறவ வாயையே கட்டிட்டாங்க பாரு” என்று அவளே பல்லிடுக்கு வழியாகச் சொன்னாள். சைக்கிள் டியூபில் காற்று இறங்குவது போல வந்தது பேச்சு. முதலில் யாருக்கும் புரியாது. எனக்குப் பழகிவிட்டதால் இங்கே தெளிவாகவே எழுதுகிறேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றை அழுத்திச் சொன்னார். “எதுவா இருந்தாலும் ஸ்ட்ரா வச்சுக் குடிங்க. அடுத்த தடவை வரும்போது எடை பாப்பேன். இன்னும் குறைஞ்சிருந்தா திரும்பப் படுக்க வச்சு, மூக்கு வழியா குழாய் விட வேண்டி வரும்.” பக்கத்துப் படுக்கையில் இருந்த பெண்ணுக்கு அந்தக் குழாய் போட்டிருந்தார்கள். அத்தை அதைப் பார்த்த பார்வையை நான் பார்த்திருக்கிறேன். ஊசிக்கும் கத்திக்கும் அசையாதவள், அந்த மெல்லிய குழாய்க்கு நடுங்கினாள்.

அப்படியிருந்தும் வீட்டுக்கு வந்தபிறகு அவள் எதையும் குடிக்கவில்லை. பால், பழச்சாறு, சத்து மாவு என்று எதைக் கொடுத்தாலும் ஒரு வாய், மிஞ்சிப்போனால் இரண்டு வாய். அப்புறம் கையை ஆட்டி, “போதும், பசிக்கல.” கன்னம் ஒட்டிப்போனது. கைக்கடிகாரம் முழங்கைவரை வழுக்கிக்கொண்டு போய்வந்தது.

அவள் முழுசாகக் குடித்தது ஒன்றே ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் மதியம் உணவு வண்டியில் வந்த ஒரு கப் தக்காளி சூப். அப்போது நான் ஜன்னலோரம் நின்று, எதிர்க் கட்டடத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கயிற்றில் தொங்கியபடி அவர் கையை வீச வீச, கண்ணாடியில் இருந்த மேகங்கள் அழிந்து மறுபடி வந்தன. அவர் வானத்தைத்தான் துடைக்கிறார் என்று கொஞ்ச நேரம் நம்பியேவிட்டேன். திரும்பினால் கப் காலி.

பள்ளி முடிந்து, அடுத்தது என்ன என்று தெரியாமல் இருந்த காலம் எனக்கு. ஒரு நாற்காலியில் நிலையாக உட்கார மாட்டேன். மாமா எனக்கு வைத்த பெயர் காத்தாடி. “வீட்ல சும்மா சுத்துறதுக்குத் தம்பி வீட்ல போய்ச் சுத்து, அவளுக்கு ஒத்தாசையாவது ஆகும்” என்று அம்மா அனுப்பிவைத்தாள்.

“அப்ப அந்த சூப்பைத்தான் செய்யணும்” என்றார் மாமா. “நிறம் மட்டும் சரியா பிடிச்சுட்டா போதும். மத்ததெல்லாம் தானா பின்னாடி வரும்.”

அவர் அப்படி நம்பியதில் தவறில்லை. அவர் வாழ்க்கையில் எல்லாமே நிறத்துக்குப் பின்னால்தான் வந்தது. சின்ன வயதில் அதே கடையில் டின் தூக்குகிற வேலைக்குச் சேர்ந்தவர். கடையின் பின்னால் நிறம் கலக்கும் அறை இருக்கிறது. சாப்பாடு கொடுக்கப் போகும்போது நான் பார்த்திருக்கிறேன். வெள்ளை டின்கள் வாயைத் திறந்துகொண்டு வரிசையில் காத்திருக்கும். மெஷின் ஒரு சொட்டு மஞ்சள், ஒரு சொட்டு கறுப்பு என்று உள்ளே விடும். அந்தச் சொட்டு வெள்ளையில் விழுந்து மெல்ல விரிவதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். கேட்லாக்கில் இருக்கிற நிறத்துக்கு மெஷினே போதும். ஆனால் யாராவது பழைய சுவரிலிருந்து ஒரு பொருக்கைப் பெயர்த்துக் கொண்டுவந்து “இதே மாதிரி வேணும்” என்று நின்றால், மாமாவைத்தான் கூப்பிடுவார்கள். பெயிண்டர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கண்ணு’. “கண்ணு, இதைக் கொஞ்சம் பாரு.”

அத்தையைப் பார்த்ததும் அப்படித்தான். விசாரணை ஜன்னலில் வண்டி நேரம் கேட்கப் போனவர், “உங்க ஜன்னல் சட்டத்துல இடதுபக்கம் வேற டின் பெயிண்ட், வலதுபக்கம் வேற டின். தெரியுமா?” என்றாராம். வரிசையில் பின்னால் நின்றவர்கள் கத்த ஆரம்பித்தும் அத்தை எழுந்து வெளியே வந்து சட்டத்தைப் பார்த்தாளாம். “எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. ஆனா இந்த மனுஷன் மறுபடி வந்து வேற எதாவது சொல்லுவாரான்னு இருந்துச்சு” என்பாள். தூக்கத்தில்கூட “இன்னும் ஒரு சொட்டு” என்று முனகுவாராம் மாமா.

அன்று சாயங்காலம் அவர் கடையிலிருந்து ஷேட் கார்டு கொண்டுவந்து, விசிறி போல விரித்து அத்தையின் மடியில் வைத்தார். ஆரஞ்சிலிருந்து ரோஜாவரை மட்டும் அத்தனை பட்டைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ‘பழைய செங்கல்’, ‘ஆறிய கனல்’, ‘வெட்கம்’.

“வெட்கத்தைக் குடிக்கச் சொல்றீங்களா?” என்றாள் அத்தை.

“விளையாடாத. நல்லா யோசிச்சு சொல்லு. அன்னைக்கு கப்புல இருந்தது இதுல எது?”

ஜன்னல் வழியாக வந்த வெயில் அவள் மடிமேல் சாய்ந்திருந்தது. அவள் விரல் பட்டைகளின் மேல் நிதானமாக நகர்ந்தது. ஒன்றில் நின்றது. “இது.” மாமா அந்தப் பட்டையை ஒரு கிளிப்பால் தனியாகக் கவ்வவைத்தார். அவர் முகம் விளக்குப் போட்டது போல ஆனது.

சமையல் அந்த வீட்டில் அத்தை செய்வாள், பாத்திரம் மாமா கழுவுவார். அதனால் அவர் அடுப்புக்குப் புதுசு. தெருமுனைக் கடையில் ‘சீக்கிரம் ஆகிற’ பொருளாகப் பார்த்து வாங்கி வந்தோம். தோல் உரித்து டின்னில் அடைத்த தக்காளி, பாக்கெட் கிரீம், வெண்ணெய், தண்ணீரில் போட்டால் கரைகிற சூப் கட்டி, பூண்டுத் தூள், மிளகுத் தூள். டின் மேல் ஒட்டியிருந்த செய்முறையை மாமா பாடம் போலச் சத்தமாகப் படித்தார்.

வெண்ணெய் உருகியது. தக்காளியைக் கவிழ்த்தோம். கொதி வந்ததும் நான் மிக்ஸியில் அடித்துக் கொடுக்க, அவர் வடிகட்டினார். கடையில் பெயிண்டில் கட்டி இல்லாமல் வடிக்கிற அதே பொறுமை. கடைசியில் கிரீமை மெல்லிய நூலாக விட்டார். சிவப்பின் நடுவே வெள்ளை சுழன்று, சுழலின் ஓரம் இளஞ்சிவப்பாகி, அந்த இளஞ்சிவப்பு மொத்தப் பாத்திரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் இழுத்தது. ஆவி ஏறி ஜன்னல் கண்ணாடி மங்கி, வெளியே தெரு தண்ணீருக்கு அடியில் இருப்பது போலத் தெரிந்தது. தெருவில் ஒருவர் நாயோடு மிதந்து போனார்.

மாமா கரண்டியை எடுத்து ஷேட் கார்டு பக்கத்தில் பிடித்தார். இன்னும் கிரீம் விட்டார். பிறகும் விட்டார்.

“மாமா, கார்டை விட ரொம்ப வெளுத்துப்போச்சே.”

“இப்ப அப்படித்தான் இருக்கும். காஞ்சா ஒரு படி இருட்டும். அப்ப சரியா வந்து நிக்கும்.”

எனக்கும் அது சரியாகவே பட்டது. கப்பில் ஊற்றி ஸ்ட்ரா போட்டு அத்தையிடம் கொண்டுபோனோம். அவள் கப்பைப் பார்த்தாள். கார்டைப் பார்த்தாள்.

“என்னங்க, இது பால் மாதிரி இருக்கு?”

“காஞ்சா சரியாயிடும்மா.”

சைக்கிள் டியூப் ஒரு கணம் நின்றது. பிறகு ஒரேயடியாகக் காற்று போனது. அவள் சிரித்தாள். வாயைத் திறக்காமல் சிரிப்பது கஷ்டம், தாடையைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “நான் என்ன சுவரா? பூசிட்டுக் காயற வரைக்கும் உக்காந்திருப்பீங்களா?”

மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. காய்ந்த பிறகு எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டே பழகிய கை. குடிக்கிற பொருள் காயாது என்பதை அந்தக் கைக்கு யாரும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே அத்தை ஒரு வாய் உறிஞ்சினாள். கப்பைக் கீழே வைத்தாள். “நல்லாருக்கு. போதும்.”

அடுத்த நாள் மாமா கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டார். டாக்டரிடம் போகவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அடுப்பும் ஜன்னலுமாக நடந்தார். சூப் கட்டியைக் கரைத்து விட்டதும் நிறம் மங்குகிறது என்று அந்தக் கட்டிப் பாக்கெட்டையே ஓரமாகத் தள்ளிவைத்தார். “அந்தக் கட்டி சேறாக்குது.” பூண்டுத் தூள் மஞ்சளாக்குகிறது என்று நிறுத்தினார். மிளகுத் தூளை நான் எடுத்தபோது பதறிப்போய்க் கையைப் பிடித்தார். “ஐயையோ! புள்ளி புள்ளியா தெரியும். கஸ்டமர் ஒத்துக்க மாட்டாங்க.” கஸ்டமர் பக்கத்து அறையில் படுத்து வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் போல அது அமைந்தது. வெளிச்சம் மேகத்துக்குப் பின்னால் போய் எல்லாப் பொருளின் மேலும் ஒரே மாதிரி விழுந்த நேரம். மாமா கார்டைக் கரண்டிக்குள் நனைத்தார். சூப்பில் மூழ்கிய பாதியும் மூழ்காத பாதியும் ஒன்றாகி, கார்டு எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியவில்லை. சமையலறை முழுக்க அந்த நிறம்தான் இருப்பது போலவும், நாங்கள் அதற்குள் நின்றுகொண்டிருப்பது போலவும் இருந்தது. “பாத்தியா காத்தாடி” என்றார் மெதுவாக, சத்தம் போட்டால் கலைந்துவிடும் என்பது போல.

அத்தையை எழுப்பி உட்காரவைத்து, கப்பைக் கொடுத்தோம். மாமா எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு, இரண்டு முழங்கையையும் தொடையில் ஊன்றி உட்கார்ந்தார். நான் துடைக்கிற துணியோடு பக்கத்தில். அத்தை ஸ்ட்ராவைக் கன்னத்தின் ஓரத்தில் செருகினாள். மாமா கப்பைப் பார்த்தார், அவள் வாயைப் பார்த்தார், மறுபடி கப்பை. ஒரு துளி அவள் மோவாயில் வழிந்தது. நான் துணியை நீட்டினேன்.

அவள் துணியைத் தட்டிவிட்டாள்.

“என்ன அப்படிப் பாக்குறீங்க? என் வாயில என்ன ஷேட் கார்டா ஒட்டியிருக்கு?”

“இல்லம்மா, குடிக்கிறியான்னு…”

“எல்லாரும் அதையேதான் பாக்குறீங்க. உங்க அக்கா வந்தா அதைத்தான் பாக்குறாங்க, பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாத்தாலும் அதைத்தான் பாக்குறா. கம்பி தெரியும், ஒழுகும், சத்தம் வரும். எனக்குத் தெரியாதா? ஒரு வாய் குடிக்கிறதுக்குள்ள உயிர் போகுது.” அவள் என்னைக் காட்டினாள். “ஆஸ்பத்திரில ஏன் குடிச்சேன் தெரியுமா? இவ பராக்கு பாத்துக்கிட்டு நின்னா. யாரும் பாக்கல. அதான் குடிச்சேன். அது சிவப்பா இருந்துச்சா பச்சையா இருந்துச்சான்னு நானும்தான் பாக்கல!”

“அப்ப கார்டுல காட்டுனியே?”

“நீங்க ஆசையா கேட்டீங்க. எதையாவது காட்டுனேன்.”

மாமாவின் முகத்தில் ஏதோ உதிர்ந்தது. காலையிலிருந்து பிடித்த நிறம் வீணானதற்குக் கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை. அவர் மெதுவாக ஸ்டூலைத் திருப்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

“இப்ப குடி” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தையின் குரல். “ஜன்னல் கண்ணாடில பாக்குறீங்க.”

“இல்லையே.”

“எனக்கு உங்க கண்ணு தெரியுது.”

பாவம், பார்ப்பதையே வேலையாக வைத்திருப்பவர். பார்க்காமல் இருக்க அவருக்குத் தெரியவில்லை. “சரி. காத்தாடி, எனக்கும் ஒரு கப் கொண்டா. நானும் குடிக்கிறேன். கண்ணை மூடிக்கிறேன். போதுமா?”

கொடுத்தேன். அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கப்பை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாய் குடித்தார். கப்பை வாயருகே அப்படியே நிறுத்தினார். இன்னொரு வாய் குடித்தார். தெரியாத வீட்டில் விளக்கு அணைந்துவிட, ஒருவர் சுவரைத் தடவுவது போல, அந்த வாயைக் கன்னத்துக்குள் அங்கும் இங்கும் நகர்த்தினார்.

“ஏம்மா… இதுல ஒண்ணுமே இல்லையே.”

“என்ன இல்ல?”

“எதுவுமே இல்ல. உப்புகூட இல்ல!”

“இப்பத்தான் தெரியுதா? இந்த மனுஷன் இப்படி உருகி உருகிக் கலக்குறாரே, மனசு நோகுமேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். மூடித்தான் வச்சிருக்காங்க, அது வேற விஷயம்.”

“நீங்க ருசியே பாக்கலையா மாமா?” என்றேன்.

“கடையில கலக்குறத யாராவது வாயில வைப்பாங்களா?” என்றார், கண்ணைத் திறக்காமலே. அத்தனை வருஷப் பழக்கம். நாக்கு அவருடைய வேலையில் சேராத உறுப்பு. கரண்டியை அவர் கீழே வைக்கவே இல்லை, அதனால் எனக்கும் ருசி பார்க்கத் தோன்றவில்லை.

பிறகு நாங்கள் சமையலறைக்குப் போனோம். அத்தையும் போர்வையோடு வந்து வாசலில் சாய்ந்து நின்றாள். ஓரமாகத் தள்ளிய சூப் கட்டி உள்ளே போனது. பூண்டுத் தூள் போனது. மிளகுத் தூள், ஒரு சிட்டிகை சர்க்கரை, உப்பு. கம்பியில் ஏதும் சிக்காமல் இருக்க நான் இன்னொரு தடவை வடிகட்டினேன். மாமா கண்ணை மூடியபடியே கரண்டியை நக்கி, “இன்னும் ஒரு சொட்டு” என்றார். எதில் ஒரு சொட்டு என்று அவருக்கே தெரியவில்லை. அத்தை பல்லிடுக்கில் “உப்பு” என்றாள். போட்டோம். அவர் முகம் தளர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வெகுநாள் வெளியூரில் இருந்தவர், கதவைத் திறந்து தன் வீட்டு வாசனையை முகர்ந்தது போல இருந்தது.

கார்டோடு ஒப்பிட்டால் அது இப்போது சேறு. யாரும் ஒப்பிடவில்லை.

அத்தை கட்டிலில் உட்கார்ந்தாள். மாமா சுவரைப் பார்த்து. நான் தெருவைப் பார்த்து. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஸ்ட்ராவின் மெல்லிய இழுப்பு. ஒரு இடைவெளி. மறுபடி இழுப்பு. மழை பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தோடு இதுவும் கலந்து, எது மழை எது அத்தை என்று பிரிக்க முடியாமல், நான் நின்றபடியே கொஞ்சம் தூங்கியிருக்கவேண்டும். காலியான கப்பில் ஸ்ட்ரா போடுகிற அந்தக் குறட்டைச் சத்தம்தான் என்னை எழுப்பியது.

மாமாவின் முதுகு குலுங்கியது. திரும்பவில்லை. திரும்பினால் அவள் அடுத்த கப் கேட்க மாட்டாளோ என்ற பயம்.

“ஏங்க, இன்னொண்ணு இருக்கா?”

அதிலிருந்து தினமும் அப்படித்தான். காலையில் பால் சேர்த்த ஓட்ஸ், மத்தியானம் பழம் அடித்தது, சாயங்காலம் சூப். அவள் குடிக்கும்போது வீட்டில் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு எதையாவது பேசிக்கொண்டிருப்போம். அம்மா வந்தபோது அவளையும் பீரோவைப் பார்க்கத் திருப்பி உட்காரவைத்தோம். “இது என்னடா தம்பி, கண்ணாமூச்சியா?” என்று அவள் பீரோவிடம் கேட்டாள்.

டாக்டரிடம் போன நாள், அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு எடை மெஷினில் ஏறினாள். அவள் கை என் கையை நசுக்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் குனிந்து பார்த்தார். பழைய சீட்டைப் பார்த்தார். “குறையல. கொஞ்சம் ஏறியிருக்கு” என்றார். டாக்டர், “அப்ப குழாய் வேண்டாம். இப்படியே போங்க” என்றார். அத்தை மெஷினிலிருந்து இறங்க மறந்து அங்கேயே நின்றாள். மாமா அவள் செருப்பை எடுத்துக் காலருகில் வைத்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தாடை உடைந்தவர்களுக்கு என்ன கொடுக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு தாள் தருகிறார்கள். நல்ல தாள்தான். எப்படிக் கொடுப்பது என்று அதில் இல்லை. அதனால்தான் இதை எழுதினேன். உங்களுக்குத் தெரிந்த யார் வீட்டிலாவது ஒருவர் இப்படி வாயைத் திறக்க முடியாமல் இருக்கலாம். அவரைப் பார்த்துக்கொள்கிறவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். டின் தக்காளியும் பாக்கெட் கிரீமும் போதும், உப்பை மறக்க வேண்டாம், கப்பைக் கையில் கொடுத்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளட்டும். அவர் இன்னொருவருக்குச் சொல்லட்டும்.